கொழுப்பை எரிக்கும் மாத்திரையில் வைட்டமினுக்கு என்ன வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

கஃபீனோடு வைட்டமினையும் சேர்த்துச் சாப்பிட்டால் கொழுப்பு இரண்டு மடங்கு வேகமாகக் கரையும் என்கிற தோரணையில் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பி இரண்டு மாதம் அந்த மாத்திரையை விழுங்கியவன் என்பதால் எழுதுகிறேன்.

கஃபீனைக் குறை சொல்ல மாட்டேன். அது அட்ரினலினைக் கிளப்பிவிட, கொழுப்புச் செல்களில் சேமித்து வைத்தது உடைந்து கொழுப்பு அமிலமாக ரத்தத்துக்கு வருகிறது. 100 மில்லிகிராம் உள்ளே போனாலே, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் கொஞ்ச நேரத்துக்கு 3, 4 சதவீதம் கூடும். ஆனால் வெளியே வந்த கொழுப்பு வேறு, எரிந்த கொழுப்பு வேறு. எழுந்து நடந்து தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் அதில் பெரும்பகுதி மறுபடி கொழுப்பாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, வைட்டமின்? செல்லுக்குள் கொழுப்பு அமிலத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் வேலைக்கு பி2, பி3, பி5 மூன்றும் வேண்டும், மறுக்கவில்லை. குறைந்தால் வேலை தடைப்படும். அதற்காக நாலு பேர் நிற்கும் வயலில் நாற்பது அரிவாளைக் கொண்டுபோய்க் கொட்டினால் அறுவடை சீக்கிரம் முடிந்துவிடுமா? மிஞ்சிய பி2 சிறுநீரோடு போய்விடும். அந்தப் பளீர் மஞ்சளைப் பார்த்து, மாத்திரை வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டது தனிக்கதை. பயோட்டின் என்கிற பி7 இன்னும் வேடிக்கை, உடல் புதிதாகக் கொழுப்பைத் தயாரிக்கும் நொதிக்கே அதுதான் துணை.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் பி3. நிகோடினிக் அமிலம் என்ற வடிவில் அரை கிராம், ஒரு கிராம் என்று எடுத்தால், அது கொழுப்புச் செல்லிலிருந்து கொழுப்பு அமிலம் வெளியேறுவதையே சில மணி நேரம் அடக்கிவிடும். கஃபீன் கதவைத் திறக்கப் பார்க்கிறது, இது இழுத்துச் சாத்துகிறது, இரண்டும் ஒரே டப்பாவில்! நான் வாங்கியதில் அதுதான் இருந்தது. விழுங்கிய அரை மணி நேரத்தில் முகமும் காதும் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் சிவந்து எரியும், நானும் கொழுப்புதான் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். தோலில் ரத்தக் குழாய்கள் விரிந்ததைத் தவிர அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. அதே பி3, நிகோடினமைடு வடிவில் இருந்தால் இப்படிச் செய்யாது, ஆனால் டப்பாவில் வெறுமனே 'நியாசின்' என்று பி3-இன் பொதுப்பெயரை மட்டும் போட்டிருந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அளவு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது, கர்ப்பிணிகளுக்கு 200தான். காபி, டீ எல்லாம் சேர்ந்த கணக்கு அது. என் டப்பாவில் கஃபீன் ஒரு வரி, குவாரனா என்கிற கொடியின் விதைச் சாறு இன்னொரு வரி, பச்சைத் தேயிலைச் சாறு மூன்றாவது வரி. மூன்றிலும் இருப்பது கஃபீன்தான் என்பது ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க முழித்துக்கொண்டு கிடந்தபோதுதான் உறைத்தது.

அடுத்த தடவை இப்படி எழுதும்போது பி3 எந்த வடிவம், கஃபீன் மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்ற இரண்டு வரியையாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்