உன் பழைய போன்

கண்ணு,

காகிதத்திலா என்று சிரிக்காதே. போனில் அடித்தால் அதையும் எவனாவது குறித்து வைத்துக்கொள்வான் என்று பயமாக இருக்கிறது. ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

கோட்டை மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாயிற்று. வெள்ளி விற்கிற விலையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை கம்மி. வேறென்ன. சித்திரையிலிருந்து நீ பேசுவதே இரண்டு நிமிஷம், அதற்குள் மீட்டிங். வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி மகன் வந்தான். போனைத் திறந்தால் தொட்டில், டயபர் என்றே வருதேடா என்று காட்டினேன். "பெரியம்மா, இது அக்கா அக்கவுண்ட். நீங்க இதுல எதைத் தேடினாலும் அக்கா பேர்லதான் ஏறும், அவங்க போன்லயும் அதையொட்டித்தான் வரும்" என்றான். அப்புறம் ஒரு பக்கத்தைத் திறந்தான். நான் தேடியது, பார்த்த வீடியோ, ராத்திரி 1.40 மணி வரை தேதி நேரத்தோடு இருந்தது. மளிகைக்கடைப் பற்று நோட்டுகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

கம்ப்யூட்டர் படித்தவள் நீ. ஆபீசில் பத்துப் பேருக்குச் சொல்லித் தருகிறாய் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். போனைக் கொடுக்கும்போது உன் கணக்கை எடுத்துவிட்டுத் தரக்கூடாதா?

உன்னைச் சொல்லி என்ன. எந்தக் கோயிலில் தொட்டில் கட்டலாம், எந்தக் கஷாயம், ஐந்து ரோட்டுப் பக்கம் எந்த டாக்டர் என்று தேடினது நான்தானே. நாலு வருஷத்தில் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று உன் அத்தையிடம் பெருமை பேசியிருக்கிறேன். வாயால்தான் கேட்கவில்லை. தினமும் உன் கைக்குள் வந்து கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்திருப்பாரே. அதனால்தான் பேசாமல் இருக்கிறாயா கண்ணு?

தையில் ஜவுளிக்கடைக் குலுக்கல் கூப்பனில் உன் நம்பரும் கல்யாண நாளும் எழுதிப் போட்டதும் நான்தான். கிரைண்டர் விழவில்லை. சம்மதம் கேட்டுத்தான் விவரம் வாங்க வேண்டுமென்று 2023-ல் சட்டமே போட்டார்களாம். சம்மதம் கொடுத்தது நான், விவரம் உன்னுடையது. இதற்கு எந்தச் சட்டம்?

கூகுள் விளம்பர செட்டிங்கில் மது, சூதாட்டம், டேட்டிங், உடல் எடை, அப்புறம் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு, இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லலாமாம். அடியோடு நிற்காது, குறையுமாம். சாராயத்தோடு குழந்தையை ஒரே வரிசையில் வைத்திருக்கிறானே என்று முதலில் கோபம் வந்தது. யாரோ அழுததைப் பார்த்துத்தான் வைத்திருப்பான். நீயும் அணைத்துவிடு. தேடினதெல்லாம் 3 மாதத்தில் தானாக அழிகிற மாதிரியும் வை. 18, 36 என்றும் காட்டுமாம், அது வேண்டாம். தெரியாத எதற்கும் 'அலவ்' கொடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் கணக்கை எடுத்தாயிற்று. என் பேரில் புதிதாகத் திறந்து கொடுத்தான். வயது கேட்டது, சொன்னேன். இப்போது மூட்டுவலித் தைலம் வருகிறது.

ஊறுகாயை ஒரு நாள் வெயிலில் வை. மாப்பிள்ளைக்காகக் காரம் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

அம்மா