அம்முவுக்கு, கோல்ஃப் டிரைவர் வாங்குவதற்கு முன்னால்

அன்பு அம்மு,

நீ வாங்கப் போவதாக அனுப்பிய கோல்ஃப் டிரைவர் படத்தைப் பார்த்தேன், விலையையும் பார்த்தேன். இப்போதைக்கு வாங்காதே. நீ சம்பாதித்த காசு, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஆபீஸ்காரர்களோடு முதல் தடவையாக ஆடப் போகிறவளுக்கு அந்தப் பையிலேயே கடைசியாகத் தேவைப்படும் கிளப் (மட்டை) அதுதான். இருக்கிற கிளப்புகளிலேயே நீளமானது, முகத்தில் சாய்வும் ரொம்பக் குறைவு, அதனால் பந்து கொஞ்சம் தப்பிப் பட்டாலும் வளைந்துகொண்டு எங்கேயோ போய்விடும். அதே தப்பை ஏழாம் நம்பர் ஐயனில் (இரும்பு மட்டையில்) செய்தால் பந்து ஃபேர்வேயை, அதாவது புல் வெட்டிய பாதையை, விட்டுக் கொஞ்சம் விலகும், அவ்வளவுதான், தேடி எடுத்து ஆடலாம். டிரைவரில் செய்தால் புதர். நீ இருக்கிற எடின்பரோவில் அது என்ன புதர் என்றால், ஊட்டிப் பக்கம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்குமே, அதே முள்புதர், உள்ளே கைவிட்டால் கை கிழியும்.

நான் உனக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். கோல்ஃபைக் குழியிலிருந்து பின்னோக்கிப் பழகு. முதலில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர், அப்புறம் கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன சிப், அப்புறம் ஏழாம் நம்பர், எல்லாம் முடிந்து கடைசியில் டிரைவர். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பயிற்சி ரேஞ்சுக்குப் போய் ஒரு கூடைப் பந்து வாங்கி, அத்தனையையும் டிரைவரால் விளாசிவிட்டு, பட்டரைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். ஒரு மைதானத்தின் 'பார்', அதாவது பதினெட்டு ஹோலையும் (குழியையும்) முடிக்க வகுத்திருக்கும் அடிகள், 72 என்றால் அதில் ஹோலுக்கு இரண்டு பட் (பட்டரால் உருட்டும் அடி) என்று 36 அடி பட்டருக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தில் பாதி தரையோடு உருளுகிற அடி. அதற்கு ஆறடி உயரமும் வேண்டாம், தோள் பலமும் வேண்டாம்.

அதிதி அசோக்கை நினைத்துக்கொள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்த பெங்களூருப் பெண். அந்தப் போட்டியில் டிரைவரால் அவளைவிடத் தூரம் அடித்தவர்கள்தான் அநேகமாக எல்லோருமே, கடைசி நாள் வரைக்கும் அவளைப் பதக்கப் போட்டியில் நிறுத்தியது அவளுடைய பட்டர். ரியோ ஒலிம்பிக்கில் அவளுக்குப் பை தூக்கியது அப்பா, டோக்கியோவில் அம்மா. (உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன், விசா கிடைத்தால் நானும் வந்து தூக்குகிறேன் என்றாள்.)

சரி, பட்டிங். புதிதாக ஆடுகிறவர்கள் கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். முப்பது அடி தூரத்திலிருந்து அடிக்கும்போது பக்கவாட்டில் நீ ஒன்றிரண்டு அடிதான் தப்புவாய், தூரத்தில் பத்தடி தப்புவாய். அதனால் முதலில் தூரம். பந்துக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைக் குழியில் வைத்துக்கொண்டு, பட்டரை இரண்டு மூன்று தடவை வெறுமனே ஆட்டிப் பார். எவ்வளவு ஆட்டினால் அங்கே போய்ச் சேரும் என்று கை தானாகவே சொல்லும். அப்புறம் பந்தைப் பார்த்து அதே அளவுக்கு ஆட்டு. பின்னால் எவ்வளவு போகிறதோ முன்னாலும் கிட்டத்தட்ட அவ்வளவு போகட்டும், பாதியில் வெட்டி நிறுத்தாதே. மணிக்கட்டு அசையக் கூடாது, தோள் அசையட்டும். எட்டடி தூரத்திலிருந்து அடிக்கும் பட்களில் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களே சுமாராகப் பாதியைத்தான் குழிக்குள் போடுகிறார்கள். உனக்கு எட்டடி தவறினால் அதற்காக வருத்தப்பட வேண்டியதே இல்லை, அடுத்த பட் ஒன்றரை அடிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்.

வீட்டிலேயே கார்ப்பெட் மேல் பழகலாம். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர், அந்த அளவுக்கு ஒரு தாளை வெட்டிப் போட்டு மூன்றடியிலிருந்து உருட்டு. அந்த நாலேகால் அங்குலம் உன் ஊருக்குப் பக்கத்திலிருந்துதான் உலகத்துக்கே வந்தது, தெரியுமா? மஸல்பரோவில் 1829-லேயே குழி வெட்ட ஒரு கருவி வைத்திருந்தார்கள், அது வெட்டிய அளவு அது. 1891-ல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்காரர்கள் அதையே விதியாக்கினார்கள். மஸல்பரோ பழைய மைதானத்தில் ஒன்பது ஹோல்தான், அதுவும் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே இருக்கிறது. நான் ஆடப் பழகிய கிண்டி மைதானமும் ரேஸ் கோர்ஸுக்குள்ளேதான் இருந்தது, அதனால் அந்த இடத்தின் மேல் எனக்குப் பார்க்காமலே ஒரு பிரியம்.

அடுத்தது சிப். கிரீனுக்கு நாலைந்து அடி வெளியே பந்து கிடந்தால் எல்லோரும் சாய்வு அதிகமான வெட்ஜ் மட்டையை எடுத்து அழகாக மேலே தூக்கப் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தில், அதுவும் கடற்கரைப் பக்கத்து மைதானங்களில், தரை இறுகலாகவும் புல் ஒட்ட வெட்டியும் இருக்கும். அங்கே வெளியிலிருந்தே பட்டரால் உருட்டுவதுதான் புத்திசாலித்தனம், அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்வார்கள். நடுவில் கொஞ்சம் புல் அதிகமாக இருந்தால் ஒன்பதாம் நம்பர் ஐயனை எடு, பிடியில் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடி, காலைக் குறுக்கி நில், எடை இடது காலில், பந்து நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம், அப்புறம் பட் அடிக்கிற மாதிரியே ஆட்டு. பந்து ஒரு சின்னத் தாவல் தாவிவிட்டு மீதி தூரத்தை உருண்டு கடக்கும்.

இதைப் பழக உனக்கு வாய்த்த மாதிரி இடம் வேறு யாருக்கும் வாய்க்காது. நீ மெடோஸ் பூங்கா வழியாகத்தானே ஆபீஸ் போகிறாய்? அதை ஒட்டியே பிரன்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ் இருக்கிறது. கோடைக்காலத்தில் அங்கே 36 சின்னச் சின்ன ஹோல் போட்டு வைத்திருப்பார்கள், காசே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஒரு வெட்ஜ், ஒரு பட்டர், இரண்டு பந்து எடுத்துக்கொண்டு சாயங்காலம் போய்விடு, அங்கேதான் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறதே. ரேஞ்சில் கொட்டும் காசை மிச்சம் பிடித்து, நகராட்சி மைதானம் ஏதாவது ஒன்றில் இருக்கும் பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் கற்றுக்கொள். முக்கியமாகப் பிடியைச் சரிபார்க்கச் சொல். கை ஒரு தப்பான பிடிக்குப் பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

பிடியைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். கிளப் உள்ளங்கையில் உட்காரக் கூடாது, விரல்களின் அடியில் குறுக்காக ஓட வேண்டும். இடது கையை மேலே வைத்துக் குனிந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டி தெரிய வேண்டும். வலது உள்ளங்கை இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளும். வலது சுண்டுவிரல் இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மேலே உட்காரட்டும், ஆறு தடவை பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஜெயித்த ஹாரி வார்டனால் பிரபலமான பிடி அது. விரல் சின்னதாக இருந்து சரியாக உட்காரவில்லை என்றால் அந்தச் சுண்டுவிரலை ஆள்காட்டி விரலோடு கோர்த்துக்கொள், டைகர் உட்ஸ் அப்படித்தான் பிடிக்கிறார். இறுக்கம் மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்கிற அளவுக்கு இருந்தால் போதும். பயம் வந்தால் முதலில் இறுகுவது கைதான், அதனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு தடவை தளர்த்திவிட்டு ஆரம்பி.

அப்புறம், பந்தைத் தூக்காதே. கிண்டியில் எனக்குக் கற்றுக்கொடுத்த கேடி (பை தூக்குகிறவர்) ஒருவர் ஓயாமல் சொல்வார், "சார், நீங்க தூக்க வேணாம், கிளப்பு தூக்கும்" என்று. கிளப்பின் முகத்தில் சாய்வு இருப்பதே அதற்குத்தான். நீ தூக்கப் போனால் எடை வலது காலிலேயே தங்கிவிடும், கிளப் ஒன்று பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தும், இல்லை பந்தின் தலையில் தட்டும். இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பந்து இல்லாமல் ஏழாம் நம்பரை ஆட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் புல் சரக்கென்று உரசுகிறதா என்று பார். அந்தச் சத்தம் ஒரே மாதிரி வர ஆரம்பித்த பிறகு அதே இடத்தில் பந்தை வை. அடித்து முடிக்கும்போது வயிறு இலக்கைப் பார்க்க வேண்டும், வலது காலில் நுனி மட்டும் தரையில் இருக்க வேண்டும், பந்து விழும் வரைக்கும் அப்படியே நில். நிற்க முடியவில்லை என்றால் பலம் அதிகம் போட்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

அங்கே காற்று வேறு இருக்கிறது. எதிர்க்காற்றில் எல்லோரும் பல்லைக் கடித்து ஓங்கி அடிப்பார்கள், ஓங்கி அடித்தால் பந்துக்குச் சுழற்சி கூடி மேலே எழும்பிக் காற்றிலேயே நின்றுவிடும். ஏழாம் நம்பர் போக வேண்டிய தூரத்துக்கு ஐந்தாவதையோ ஹைபிரிட் மட்டையையோ எடுத்து மெதுவாக அடி.

விதிகளை முழுக்கப் படிக்க வேண்டாம். பந்து தேட மூன்று நிமிடம்தான் (முன்பு ஐந்து, 2019-ல் குறைத்தார்கள்). பந்தை டிராப் செய்வது (கையிலிருந்து கீழே விடுவது) முழங்கால் உயரத்திலிருந்து. கொடிக்கம்பை எடுக்காமலே பட் அடிக்கலாம். எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சிக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு அடி தண்டனையோடு பழைய இடத்திலிருந்தே திரும்ப அடிக்க வேண்டும், அதனால் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால் அப்போதே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்துவிட்டு நட. இவ்வளவு போதும்.

விதியைவிட முக்கியம், கூட ஆடுகிறவர்களைக் காக்க வைக்காமல் இருப்பது. நீ எத்தனை அடி அடித்தாய் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நாலு தடவை ஒத்திகை பார்த்தால் அதை மறக்க மாட்டார்கள். உன் முறை வருவதற்குள் கிளப்பைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள். பையை அடுத்த டீ (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) இருக்கிற பக்கமாகவே நிறுத்து. ஒரு ஹோலில் பத்து அடியைத் தாண்டிவிட்டால் சிரித்துக்கொண்டே பந்தை எடுத்துவிடு, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற புள்ளி முறையில்தான் ஆடுவீர்கள், ஹோலின் பாருக்கு இரண்டு புள்ளி, போகிக்கு (பாரைவிட ஒரு அடி கூட) ஒன்று, அதற்கு மேல் போனால் பூஜ்யம், உன் ஹாண்டிகேப்புக்கு, அதாவது உன் ஆட்டத் தரத்துக்கு, சலுகையாகக் கிடைக்கும் அடிகளைக் கழித்த பிறகு. ஒரு மோசமான ஹோல் மொத்த நாளையும் கெடுக்காது. லிவர்பூல் பக்கத்து வாலசியில் டாக்டர் ஸ்டேபிள்ஃபோர்ட் 1932-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார், புண்ணியவான்.

யாராவது அடிக்கும்போது அவர்களுக்கு நேர் பின்னால் நிற்காதே, முன்னாலும் போகாதே. உன் பந்து ஆள் இருக்கிற பக்கம் போனால் வெட்கப்படாமல் "ஃபோர்" என்று கத்து. பந்து கிரீனில் விழுந்து குழி பறித்தால் ஓரங்களை உள்பக்கமாகத் தள்ளி மூடு, அடியிலிருந்து நெம்பாதே, நெம்பினால் வேர் அறுந்து புல் செத்துப்போகும். பங்கரில் (மணல் பள்ளத்தில்) இறங்கினால் ரேக்கால் மணலைச் சமப்படுத்திவிட்டு ஏறு. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவளை நூற்று முப்பது அடித்தாலும் அடுத்த தடவை கூப்பிடுவார்கள்.

உங்கள் குழுவில் நீ மட்டும்தான் பெண் என்று சொன்னாய், குரலில் ஒரு தயக்கம் தெரிந்தது. அதே மஸல்பரோவில் 1811 புத்தாண்டையொட்டி மீன்காரப் பெண்கள் கோல்ஃப் போட்டி ஆடியிருக்கிறார்கள், நன்றாக ஆடுகிறவளுக்குப் பரிசு ஒரு மீன்கூடையும் ஒரு சால்வையும். இரு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெண்கள் ஆடிய மண் அது, அங்கே நீ தயங்கி நிற்க வேண்டிய அவசியமே இல்லை. முன் டீயிலிருந்து ஆடு. நாலாவது ஹோலுக்குள் யாராவது ஒருவர் "தலையைக் குனிந்தே வை" என்று உனக்குச் சொல்லித்தர ஆரம்பிப்பார், நன்றி சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். ஒரு ரவுண்டின் நடுவில் யார் சொல்லியும் ஸ்விங்கை மாற்றாதே.

சாமானுக்கு, பழைய செட் ஒன்று போதும். ஒரு ஹைபிரிட், ஏழு, ஒன்பது, சாண்ட் வெட்ஜ், பட்டர். விதிப்படி பதினாலு கிளப் வைக்கலாம் என்பதால் பதினாலையும் சுமக்க வேண்டியதில்லை. குளத்திலிருந்து எடுத்த பழைய பந்து ஒரு பை வாங்கிக்கொள், புதுப் பந்து வேண்டாம். மிச்சக் காசில் நல்ல மழைச் சட்டை வாங்கு, அந்த ஊருக்கு அது இல்லாமல் முடியாது.

ஆடி முடித்ததும் ஸ்கோர் கார்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஒவ்வொரு ஹோலுக்கும் பக்கத்தில் எத்தனை பட் என்று சின்னதாக எழுதி வை, மொத்த ஸ்கோரைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஹோலுக்கு மூன்றுக்கு மேல் போகிறதா, சிப் கிரீனில் நிற்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்து எதைப் பழகலாம் என்று சொல்ல முடியும். டிரைவர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அப்பா