ஏரிக்கரை வீடும் 166 நாற்காலிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில் மியான்மரின் ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சி பற்றி வந்த கட்டுரை, '15 ஆண்டு ஏரிக்கரை பங்களாவில் அடைபட்டவர்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது. ஏரிக்கரை பங்களா என்றால் கொடைக்கானல்காரர்களுக்குச் சீசன் வாடகைதான் நினைவுக்கு வரும். ரங்கூன் (இன்றைய யாங்கூன்) இன்யா ஏரிக்கரையில் உள்ள சூச்சி வீட்டின் கணக்கு வேறு.

அந்த 15 ஆண்டு ஒரே நீட்சி அல்ல, மூன்று தவணை: 1989 ஜூலை முதல் 1995 ஜூலை வரை, 2000 செப்டம்பர் முதல் 2002 மே வரை, 2003 மே முதல் 2010 நவம்பர் வரை. மூன்றாவது தவணை இன்செயின் சிறையில் தொடங்கியது. முதல் காவலுக்குக் குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று போதுமானதாக இருந்தது. அதன் உச்சவரம்பு 3 ஆண்டு. அது போதாதென்று 1991-இல் 5 ஆக்கிக்கொண்டார்கள். 2009 மே மாதம் காவல் முடியவிருந்த நேரத்தில் ஓர் அமெரிக்கர் ஏரியை நீந்தி வீட்டுக்குள் வந்தார். தண்டனை கிடைத்தது வீட்டுக்காரிக்கும்தான்: 3 ஆண்டு கடுங்காவல், பிறகு 18 மாத வீட்டுக்காவலாகக் குறைப்பு. 2010 நவம்பர் 7 தேர்தல், 13-இல் விடுதலை. குறைப்பின் கணக்கு புரிகிறதல்லவா!

கணவர் மைக்கேல் ஆரிஸ் 1999 மார்ச்சில் இறந்தபோது 'காவலில் இருந்ததால் போக முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. அப்போது சூச்சி காவலில் இல்லை. நாட்டைவிட்டுப் போகலாம், ஆனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். கணவருக்கோ விசா மறுப்பு. கடைசிச் சந்திப்பு 1995 கிறிஸ்துமஸ்.

2015 தேர்தல் வெற்றிக்குப் பிறகு 'முழு அதிகாரம் கைக்கு வந்தது' என்பதும் சரியல்ல. 2008 அரசியல் சட்டப்படி இரு அவைகளிலும் சேர்த்து 664 இடம். அதில் 166 ராணுவத்தின் நியமனம். மீதி 498, அதாவது சரியாக 75 விழுக்காடு. முக்கியத் திருத்தங்களுக்கு 75-ஐத் 'தாண்ட' வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த அத்தனை பேரும் ஒருசேரக் கை தூக்கினாலும் ஒரு கை குறையும். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களைத் தலைமைத் தளபதியே தருவார். பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்கள் என்பதால் சூச்சி அதிபராகவும் முடியாது. 2016-இல் 'அரச ஆலோசகர்' என்று புதுப் பதவி ஒன்றை உண்டாக்கித்தான் ஆட்சி நடத்தினார்.

இதையெல்லாம் சொல்வது, ரோஹிங்கியா முஸ்லிம்கள் மீதான ராணுவ வன்முறை விவகாரத்தில் அவரைத் தப்புவிக்க அல்ல. 2019 டிசம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலைக் குற்றச்சாட்டை எதிர்த்து அவரே முன்னின்று வாதிட்டார். அதை எந்தச் சட்டப் பிரிவின் தலையிலும் கட்ட முடியாது.

2021 பிப்ரவரி 1 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அவர் மீது வந்த முதல் வழக்கு, அனுமதியின்றி இறக்குமதி செய்த வாக்கி-டாக்கிகள். அடுத்தடுத்த தீர்ப்புகளில் தண்டனை 33 ஆண்டானது. 2023 ஆகஸ்டில் 6 ஆண்டு குறைத்தார்கள். 1945-இல் பிறந்தவருக்கு அப்போது மீதி 27.

அந்த 1999 வரியையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
கொடைக்கானல்