எரிபொருளுக்கும் தண்ணீருக்கும் அவசரகாலச் சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வரட்சியோ எரிபொருள் தட்டுப்பாடோ வந்தால் ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தி, பெற்றோலையும் தண்ணீரையும் தன் கையில் எடுத்துப் பங்கிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். நான் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அடுப்பும் தண்ணீரும்தான் என் முதல்.

அவர் 2022ஐ மறந்துவிட்டார் போலும். அந்த வருடம் ஏப்ரலில் ஒரு அவசரகாலம், மே மாதம் இன்னொன்று, ஜூலையில் மீண்டும். எந்த வர்த்தமானியும் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் கொண்டுவரவில்லை. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லாதபோது பொலிஸும் இராணுவமும் வரிசையில் நிற்பவனை அதட்டலாம், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில், நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். துறைமுகம் பட்டியலில் இருந்தது. உணவு விநியோகமும் இருந்ததாம். ஆனால் பெற்றோல் செட்டில் நின்றவர்களுக்கு உணவு விநியோகம் என்றால் லொறி. துறைமுகத்துக்குப் போகிறவர் காலையில் சாப்பிடும் இடியப்பத்தைக் கடைக்குக் கொண்டுபோகும் என் தம்பியின் ஓட்டோ அவர்கள் கண்ணில் படவில்லை.

கொஞ்சமாவது ஒழுங்கு வந்தது, வாகனத்துக்கென்று பதிந்த கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கிழமைப் பங்கை வாங்கும் கியூஆர் முறையோடுதான். தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20. ஐந்து லீற்றரில் எவன் பிழைப்பான் என்று தம்பி திட்டிக்கொண்டேதான் இருந்தான். ஆனாலும் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்தது, அதற்கேற்ப மாவைப் பிசையலாம். ஜூலை அவசரகாலம் ஆகஸ்ட் நடுவிலேயே முடிந்துபோனது. கியூஆர் பங்கீடோ 2023 ஆகஸ்ட் இறுதிவரை நடந்தது. பங்கிடுவதற்கு அவசரகாலம் வேண்டியிருந்தால் இது எப்படி நடந்திருக்கும்?

அவசரகால ஒழுங்குவிதி அரசியலமைப்பைத் தவிர எந்தச் சட்டத்தையும் மேவலாம். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் பிரகடனம் காலாவதியாகும் என்பது உண்மைதான், ஆனால் பெரும்பான்மை உள்ள அரசுக்கு அது ஒரு தடையா? 2022 ஜூலைப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னபோது 2025 ஜூலை. மூன்று வருடம்! இன்னொன்று, அவசரகாலம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வருவது பெற்றோல் அல்ல, சோதனைச்சாவடியும் பொலிஸ் பதிவும். அதை நான் விளக்க வேண்டியதில்லை.

டித்வா சூறாவளிக்காக 2025 நவம்பரில் பிரகடனம் செய்தது வேறு விடயம். மலை சரிந்து ஆட்கள் புதையும்போது கூட்டம் போட நேரமில்லை. வரட்சி அப்படித் திடீரென்று வருவதா? களனி கங்கையில் நீர் இறங்கினால், கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கும் அம்பத்தலைவரை கடல் உப்பு ஏறும் என்பது கொழும்புக்குப் பழைய கதை.

தண்ணீரைக் குறைத்தால் முதலில் காய்வது மேல்மாடிதான். மேலே ஏற்ற மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் டீசல் இல்லையென்று 13 மணித்தியாலம் மின்வெட்டு. பவுசர் வந்தாலும் வாளியோடு படியேறுவது பெண்கள்தானே.

கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கிறேன்: கையிருப்பு இருக்கும்போதே சாதாரண சட்டம் ஒன்றை விவாதித்து நிறைவேற்றுங்கள். ஒரு வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் எவ்வளவு தண்ணீர், கார் கழுவுவதும் நீச்சல் தடாகமும் எந்தக் கட்டத்தில் நிறுத்தப்படும், வீட்டில் செய்யும் சிறுதொழிலுக்குப் பட்டியலில் எந்த இடம், கட்டுப்பாடு எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மண்ணெண்ணெயையும் சேருங்கள். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அப்படி ஏற்றுவதற்கு முன் எத்தனை நாள் அறிவித்தல் தரவேண்டும் என்பதையும் அந்தச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இடியப்பம் அவிக்கும் வாசகி,
கொழும்பு 13.