ஃப்ரோன்லைக்நாமில் பிணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியின் விடுமுறை நாள்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 'ஃப்ரோன்லைக்நாம்' என்ற திருநாளின் பெயருக்கு 'மகிழ்ச்சியான பிணம்' என்று பொருள் தந்திருக்கிறது. ஜெர்மானியர்களே 'ஹேப்பி கடாவர்' என்று இதைக் கேலி செய்வதுண்டு. கேலி கேலியாகவே இருக்கட்டும். சொல்லின் பொருள் 'ஆண்டவரின் திருவுடல்'. தமிழ்க் கத்தோலிக்கர் கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா என்பதும் இதைத்தான்.

பிழை, பிரிப்பதில் தொடங்குகிறது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஃப்ரோ'வை முதலில் வைத்தால், அடுத்து நிற்கும் 'ன்' எங்கிருந்து வந்தது? இன்றைய ஜெர்மனின் மூத்த வடிவமான பழைய உயர் ஜெர்மனில் ஆண்டவரைக் குறித்த வேறொரு 'ஃப்ரோ' உண்டு. அதன் ஆறாம் வேற்றுமைப் பன்மை 'ஃப்ரோனோ'. அது தேய்ந்து, 'ஆண்டவருக்குரிய' என்ற பொருளில் 'ஃப்ரோன்' என அடைமொழியாயிற்று. நம் 'ஆண்டவர்' போலவே 'ஃப்ரோ'வும் இறைவனுக்கும் பொருந்தும், நிலத்தை ஆண்டவனுக்கும் பொருந்தும். நிலக்கிழாருக்குக் கட்டாயமாகச் செய்த வேலை 'ஃப்ரோன்டீன்ஸ்ட்' ஆனது அப்படித்தான். தமிழில் ஆண்டவரும் ஆண்டையும் ஒரே 'ஆள்' என்ற வேரில் பிறக்கவில்லையா?

'லைக்நாம்' இன்னும் சுவையானது. 'லீஹ்' உடல், 'ஹமோ' போர்வை. சேர்ந்தால் உடலாகிய போர்வை. சட்டையைக் குறிக்கும் 'ஹெம்ட்' இந்த ஹமோவுக்கு உறவு. 1246-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் மறைமாவட்டத்தில் தொடங்கிய திருநாளை 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுமைக்கும் விரித்தபோது, இச்சொல் உயிருள்ள உடலையும் குறித்தது. 1519-இல்கூட மார்ட்டின் லூதர் நற்கருணை பற்றிய தம் பிரசங்கத்தின் தலைப்பில் 'கிறிஸ்துவின் லைக்நாம்' என்றே எழுதுகிறார். பிறகுதான் பொருள் 'பிணம்' எனக் குறுகியது. சித்தர் பாடல்களில் உயிரோடு உலவிய 'சடலம்', இன்று செய்தித்தாள்களில் மீட்கப்படுவதற்கு மட்டுமே வருகிறதே, அதே கதைதான். டச்சு மொழியில் இதன் உடன்பிறப்பான 'லிஹாம்' இன்றும் உயிருள்ள உடல்தான்.

கட்டுரையில் இன்னொரு திருத்தமும் தேவை. ஈஸ்டருக்கு 60 நாள் கழித்து, வியாழக்கிழமையில் வரும் இத்திருநாள் நாடு முழுவதற்கும் விடுமுறை அல்ல. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பர்க், ஹெஸ்ஸன், வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா, ரைன்லாந்து-பலாட்டினேட், சார்லாந்து ஆகிய 6 மாநிலங்களிலும், சாக்சனி, துரிங்கியாவின் சில ஊர்களிலும் மட்டுமே விடுமுறை. பெர்லினில் அன்று வேலை நாள்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி கற்பிக்கும் வாசகர் ஒருவர்