முன்பள்ளிப் பெற்றோர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியைகளே, வருகை தந்திருக்கும் பெற்றோர்களே,

தைப்பொங்கல் விழா வழமைபோல் நடைபெற்றது. மாசியில் விளையாட்டு விழா. ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினத்தன்று பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை வழங்கப்பட்டது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கல். சிரமதானம் இரண்டு தடவை அறிவிக்கப்பட்டு ஒரு தடவை நடந்தது.

இனி, பெற்றோர் தம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பதற்கான வெள்ளிக்கிழமை மாலைகள் பற்றி. இது எனது யோசனை என்பதால் பதில் சொல்ல வேண்டியவரும் நானே. “கூரை ஒழுகுகிறது, செயலாளர் பாய் வாங்குகிறார்” என்று கடைவாசலில் பேசப்பட்டதை அறிவேன். பாய்களில் பெரும்பாலானவை அன்பளிப்பாகக் கிடைத்தவை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

ஏற்பாடு எளிமையானது. கைத்தொலைபேசியை வாசலில் உள்ள கடகத்தில் போட்டுவிட்டுத் தம் பிள்ளையோடு பாயில் அமர வேண்டும். கால் மணி நேரம் பிள்ளை பேசும், பெரியவர் கேட்பார். திருத்தக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, “பிறகு சொல்லு” என்ற பேச்சே கூடாது. இதற்கு ஒரு சங்கம் எதற்கு என்று கேட்டவர்களில் எவரும் முதல் நாள் ஐந்து நிமிடம் தாண்டவில்லை.

ஒரு தந்தையின் மகனுக்குச் சொல் திக்கும். “த... த...” என்றதுமே அவர் “தண்ணீரா? தம்பியா? தும்பியா?” என்று அடுக்கினார். பிள்ளை எழுந்து ஊஞ்சலடிக்குப் போய்விட்டான். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இவ்வாறு திக்குவது பல பிள்ளைகளிடம் காணப்படுவது; நாம் சொல்லை முடித்துக் கொடுக்காமல், “மெதுவாகச் சொல்” என்று அதட்டாமல், நாமே ஆறுதலாகப் பேசிக் காத்திருப்பதுதான் நல்லது; மாதக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று ஆசிரியை விளக்கினார். அடுத்த வெள்ளி தந்தை இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளை சொல்லி முடித்தான்: “தவளைக்குக் கழுத்து இல்லை அப்பா. பின்னால் பாம்பு வந்தால் எப்படிப் பார்க்கும்?” தந்தையிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

போர் முடிந்த 2009இல் நம்மில் பலர் சிறுபிள்ளைகள். பதுங்குகுழிக்குள் நம் வாயைப் பொத்திய கைகள் நம்மைக் காப்பாற்றவே பொத்தின. அதே கை இன்று வீட்டு விறாந்தையிலும் பழக்கத்தில் எழுகிறது. தம் கருத்தைச் சொல்லும் உரிமையும் அதற்கு மதிப்புப் பெறும் உரிமையும் பிள்ளைகளுக்கு உண்டு என்று கூறும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை நம் நாடு 1991இலேயே ஏற்றுவிட்டது. 12ஆம் உறுப்புரையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பசையும் என் செலவு.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிறுபோக நீர்ப்பங்கீட்டுக் கூட்டம் என்றால் பொழுது விடியுமுன் இரணைமடுக் குளத்துக்குப் புறப்படும் தந்தையர், ஒழுங்கை முனையில் இருக்கும் முன்பள்ளிக்கு வர வயலைக் காரணம் காட்டுகிறார்கள். வயல் அறுத்து முடிந்த பிறகும் வயல்தான் காரணம். அம்மம்மாக்கள் தவறாமல் வந்தார்கள், ஆனால் அவர்களே பேசினார்கள்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உண்டு. வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். சமையலறைக் கூரைத் தகரத்துக்கான தொகை மட்டும் சேரவில்லை. சந்தா செலுத்தாதோர் பெயரை வாசிக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டார். பட்டியல் என் பையில் இருக்கிறது.

ஆசிரியைகள், கிராம அலுவலர், பந்தல் தந்த கோயில் பரிபாலன சபை, சிரமதானத்துக்கு வந்த சிலர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டு இப்பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் முத்திரையையும் கூட்டக் குறிப்பேட்டையும் இன்றே ஒப்படைப்பேன். முன்வராவிடில் வெள்ளி மாலைகள் தொடரும். அப்போது தந்தையர் வருவார்கள் என எதிர்பார்க்கிறேன். சந்தாப் பாக்கியைக் கூட்டம் முடிந்ததும் வாசலிலேயே பொருளாளரிடம் செலுத்தலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கவும்.

செயலாளர்