மூத்த குடிமக்கள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அக்டோபர் 1 முதியோர் தினம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா நடத்தினோம். திருச்செந்தூர் பயணம் ஆள் சேராமல் நின்றுபோனது.

முதியவர்களின் குடும்பச் சச்சரவுகளைப் பேசித் தீர்க்கும் நம் சமரசக் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். “குடும்பச் சண்டையில் சங்கத்துக்கு என்ன வேலை?” என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமே நமக்கு இடம் கொடுத்திருக்கிறது. முதியவரால் தானே மனு போட இயலாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்த பதிவு பெற்ற சங்கம் அவருக்காக ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தீர்ப்பாயம் சமரசத்துக்கு அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் பேசி அறிக்கை தர வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதுவே உத்தரவாகும். ஆனால் மனு என்றதுமே நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். “பெத்த பிள்ளை மேலயே கேஸ் போட்டேன்னு பேர் வரணுமா சார்?” அவர்களுக்காகத்தான் ஞாயிறு மாலைகளில் சங்க அறையைத் திறந்து வைக்கிறோம். அடி உதை நடக்கும் வீடுகளுக்கு நாம் சமரசம் பேசுவதில்லை. முதியோர் உதவி எண் 14567-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுகிறோம்.

ஒரு அம்மா வீட்டை இளைய மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டார். கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டும் என்ற வரி பத்திரத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ரத்து கேட்பது பெரும் போராட்டம். (எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த வரியைச் சேருங்கள்.) அவர் வீட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மாடி அறைக்கு மாற்றிவிட்டார்கள், மூட்டு வலியோடு குளிக்கப் படி இறங்க வேண்டியிருக்கிறது, அதுதான் குறை. மகனே பேசிக்கொண்டிருந்தார். மருமகளைப் பேசச் சொன்ன பிறகுதான் விஷயம் வந்தது: கீழ் அறையில் பிளஸ் டூ படிக்கும் பேத்தி, மூத்த மகன் மாத்திரைச் செலவுக்குக்கூட ஒன்றும் தருவதில்லை. மூத்தவரைப் போனில் பிடித்தோம். கீழ் அறை அம்மாவுக்கு, மூத்தவர் மாதாமாதம் 5-ஆம் தேதிக்குள் 4,000 ரூபாய் அம்மாவின் வங்கிக் கணக்கில் என்று எழுதிக் கையெழுத்தானது. பிறகு மூத்தவர் ஊருக்கு வந்தபோது அவரும் கையெழுத்திட்டார். இன்றுவரை பணம் வருகிறது.

இந்தக் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர். வந்து உட்காருபவர்கள் இரண்டு பேர். வராதவர்களில் சிலர், தங்கள் வீட்டில் பாகப்பிரிவினைச் சச்சரவு வந்ததும் இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் போய்ப் பேசினோம். மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சொற்பம். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் சந்தா பாக்கி. அறை வாடகையை இரண்டு மாதம் தலைவரே கட்டினார். அவருக்கும், தேநீர் உபசரித்த அன்பர்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சமரச அறை திறந்திருக்குமா என்பதை நான் மட்டும் சொல்ல இயலாது. பத்திரப் பதிவிலும் வருவாய்த் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு வந்தாலே போதும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்